பதினோரு பேருக்கு நான் நாமினி

எங்கள் ஆம்பூர்த் தெருவில் பதினோரு ஆண்களில் யார் செத்தாலும் பணம் என் கைக்கு வரும் என்ற நிலைமை ஒன்றரை வருடம் இருந்தது. இதில் என் தவறு எவ்வளவு, அவர்கள் தவறு எவ்வளவு என்று பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன். எப்படிப் பிரித்தாலும் என் பங்கு பாதிக்குக் குறைவுதான்.

தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவன் நான். காலையில் கேட்டுக்குள் எத்தனை தலை நுழைந்தது, சாயங்காலம் எத்தனை தலை வெளியே போனது என்று எண்ணுவதுதான் வேலை. ஓய்வு பெற்றும் அது விடவில்லை. வீட்டிலிருந்து டீக்கடைக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. முழங்கால் வலிக்கும் நாளில் இருநூற்று நாற்பது. போதாக்குறைக்கு, படிவம் நிரப்பத் தெரிந்த ஆள் என்ற பெயரும் எனக்கு உண்டு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் பை நிறையப் படிவங்களோடு டீக்கடைக்கு வந்தாள். ஆயுள் காப்பீடு. இரண்டு வாரத்து டீக்காசை வருடத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும், ஆள் போய்விட்டால் வீட்டுக்கு இரண்டு லட்சம். முதல் ஷிப்டுக்குப் போக நின்றவர்கள் எல்லாரும் சேர்வதாகச் சொன்னார்கள். டீ மாஸ்டரும் சேர்ந்தான். எழுதும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. சங்கு ஊத இன்னும் ஒன்பது நிமிடம்.

முதலில் வந்தவன் என் பக்கத்து வீட்டுக்காரன். தோலை மருந்துத் தண்ணீரில் போட்டுச் சுழற்றும் பெரிய ட்ரம்மில் அவனுக்கு வேலை.

“நாமினி யாரு?” என்று கேட்டேன்.

“அது இன்னாது சார்?”

“நீ போய்ட்டா பணம் யார் கைக்குப் போகணும்? உன் பொண்டாட்டி பேரைச் சொல்லு.”

அவன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டான். “வேலைக்குக் கிளம்புற நேரத்துல இன்னா பேச்சு சார் இது? சாவுக் காயிதத்துல அவ பேரை எழுதுனா ஆகுமா? உங்க பேரைப் போட்டுக்கங்க. நீங்க அவகிட்ட குடுத்துட மாட்டீங்களா?”

எழுதினேன். உறவு என்ற இடத்தில் ‘மாமா’ என்று போட்டேன். அடுத்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கும் அதே மாதிரி” என்றான். மூன்றாவது ஆள் என் பழைய தோஸ்த் ஒருவரின் மகன். “சாச்சா, நமக்கும் அதே. ஜாஸ்தி கேள்வி கேக்காதீங்க, பேஜாரு” என்றான். அவனுக்கு ‘சித்தப்பா’ என்று எழுதினேன். இப்படியே பதினோரு படிவம். அந்தப் பெண் மொத்தத்தையும் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். பதினொன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று அவள் எதற்காகப் பார்க்கப் போகிறாள்? எனக்குத் தெரியும், சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெருமை ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் கவலை பிடித்துக்கொண்டது. இவர்களில் ஒருவன் போனாலும் நான்தான் வேண்டிக்கொண்டேன் என்று தெரு சொல்லும். ஒருவனுடைய இருமலை எண்ண ஆரம்பித்தேன். ஒரே பைக்கில் மூன்று பேர் போனால் வாசலில் நின்று கத்தினேன். “பாருங்கடா, பெரிசு தன் சரக்குக்குக் காவல் நிக்குது” என்று சிரித்துக்கொண்டே போனார்கள். என் மனைவி பக்கத்து வீட்டுக்கு ரசம் கொடுத்து அனுப்புவதையே நிறுத்திவிட்டாள். “நாளைக்கு வயித்து வலின்னு படுத்தா என்னைத்தான் புடிப்பாங்க” என்றாள்.

ஒன்றரை வருடம் கழித்து, பக்கத்து வீட்டுக்காரன் ட்ரம் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு, நாளை மறுநாள் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் மனைவி என் வாசலில் நின்றாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். கையில் அந்தக் காப்பீட்டுத் தாள்.

“மாமா, இது யாரு பேரு?”

கண்ணாடி போடாமலே தெரிந்தது. “என் பேருதான்.”

“அவருக்கு நீங்க இன்னா வேணும்?”

“மாமான்னு போட்டிருக்கு.”

“ரெண்டு லட்சம் மாமாவுக்கு. ரெண்டு பொண்ணை வெச்சினு இருக்கற எனக்கு இன்னா, உங்க வீட்டு ரசமா? அதையும் நிறுத்திட்டீங்க.”

“பணம் வந்தா உன் கையில குடுத்துடுவேம்மா.”

“நீங்க குடுப்பீங்க. உங்களுக்கு எழுபத்தாறு ஆவுது. அவருக்கு முன்னாடி நீங்க போய்ட்டா?”

எல்லாவற்றையும் எண்ணிய நான் அதை மட்டும் எண்ணியிருக்கவில்லை.

மகளிர் குழுப் பெண்ணுக்குப் போன் செய்தோம். பெயரை மாற்ற ஒரு படிவம் இருக்கிறது, ஆனால் அவர் கையெழுத்து வேண்டும், அதுவும் அவர் உயிரோடு இருக்கும்போதே வேண்டும் என்றாள். படிவத்தை வாங்கிக்கொண்டு இருவரும் வேலூர் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா வரும்வரை அவள் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை.

வார்டில் என்னைக் கண்டதும் அவன், “பாரு, வந்துட்டாரு! இன்னும் போவல சார், ரெண்டு நாள் பொறுங்க” என்றான். பக்கத்துக் கட்டில்களில் சிரித்தார்கள். அவள் படிவத்தை நீட்டினாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“நாளைக்கு நெஞ்சுக்குள்ள கம்பி விடப் போறாங்க. இன்னிக்கு இதுல உன் பேரா? எடுத்துக்கினு போ.”

கையெழுத்துப் போட வேண்டியதற்கு மூன்று காரணங்களை பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். இரண்டாவதில் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தன் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தாள். “எங்க கம்பெனியில எனக்குப் போட்ட இன்சூரன்ஸ். நாமினி யாருன்னு படி. மூணு வருஷமா உன் பேருதான் இருக்குது. நான் செத்தனா? நீ செத்தியா?”

அவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். “என்னைக் கேக்காம என் பேரை எழுதினியா? அதான் நெஞ்சு வலி வந்துச்சா?”

“நெஞ்சு வலி பீடியால வந்துச்சு. போடு கையெழுத்து.”

எழுந்து உட்காரக் கூடாது என்று நர்ஸ் வந்து அதட்டினாள். அவன் படுத்தபடியே அந்தத் தாளில் தன் பெயரை விரலால் தடவித் தடவிப் படித்தான். பிறகு மெதுவாக, “இதுல எவ்ளோ வரும்?” என்றான்.

“ஏன், ஆசையா இருக்குதா?”

“சும்மா கேட்டேன்” என்று பேனாவுக்குக் கையை நீட்டினான். தன் பெயரின் கடைசி எழுத்தைப் போடும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டான். சரிபார்த்தேன், கையெழுத்து சரியாகவே இருந்தது.

ஸ்டென்ட் நல்லபடியாக வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் பெண்கள் வரிசை. ஒவ்வொருத்தி பின்னாலும் தலையைக் குனிந்துகொண்டு ஒரு புருஷன். எண்ணினேன், ஒன்பது ஜோடி. ஒன்பது படிவத்திலும் என் பெயரை எடுத்துவிட்டு அவரவர் மனைவி பெயரை எழுதினேன். ரசம் மறுபடி வேலி தாண்ட ஆரம்பித்தது.

மீதி ஒருவன் டீ மாஸ்டர். கல்யாணம் ஆகாதவன், நாற்பது வயது. படிவத்தை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறான்.

“எனக்கு யாரு சார் இருக்கா? உங்க பேரே இருக்கட்டும்.”

“உனக்கு முன்னாடி நான் போய்டுவேன்டா.”

அவன் என் கிளாசை வாங்கி, அடியில் எவ்வளவு சர்க்கரை தங்கியிருக்கிறது என்று பார்த்தான். மறுநாளிலிருந்து என் டீயில் ஒன்றரைக் கரண்டிச் சர்க்கரை அரைக் கரண்டியாகிவிட்டது. இரண்டாவது டீ கேட்டால் கிடையாது. மசால் வடைப் பக்கம் கை போனால் தட்டை நகர்த்திவிடுகிறான். காசு கொடுத்துக் குடிக்கிறவனுக்கு இது என்ன நியாயம் என்று நேற்றும் கேட்டேன்.

“நீங்க போய்ட்டா நான் புதுசா ஆள் தேடணும் சார். பேசாம குடிங்க.”