துண்டு துண்டாக ஒரு லாரி

பொம்மைக் கடையில் நிற்பவளுக்குக் குழந்தைகளால் ஒரு தொந்தரவும் கிடையாது. அத்தனை பேஜாரும் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்களால்தான். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. துணிக்கடையோ செருப்புக்கடையோ, நீங்களும் என்னைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தவர்களாகத்தான் இருப்பீர்கள்.

எனக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பொம்மைக் கடையில் வேலை. முதலாளி விழுப்புரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். குடத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற மாதிரிதான் ஜனங்கள் பொம்மையும் வாங்குவார்கள் என்பது அவர் எண்ணம். ஆயுத பூஜைக்கு முன்னால் ஒரு புதுச் சரக்கு இறக்கினார். மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகள் தாங்களே மாட்டி ஓட்டுகிற பிளாஸ்டிக் லாரி. பெட்டிக்குள் தலை தனி, தொட்டி தனி, சக்கரம் தனி. கட்டைவிரல் தடிமனுக்கு ஸ்க்ரூ, சின்னக் கைக்குத் தோதாக ஒரு ஸ்பேனர். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. கடையில் இருக்கிற மற்றதெல்லாம் பட்டனை அமுக்கினால் கத்தும், அவ்வளவுதான். இதில் பிள்ளைக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒரு பெட்டியைப் பிரித்து, மூலையில் பாய் விரித்து, வருகிற பிள்ளைகள் உட்கார்ந்து மாட்டட்டும் என்று போட்டுவைத்தேன்.

பொங்கல் வரைக்கும் கெடு

அடுத்த வாரம் வந்த முதலாளி பாயைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். விற்கிற பொருளைப் பிரித்துக் கீழே கொட்டிவைப்பாளா ஒருத்தி என்று அவருக்கு ஆத்திரம். நாமே மாட்டிக் கொடுத்தால் பிள்ளை எதை மாட்டும் என்று கேட்டேன். பிள்ளையைப் பற்றி யார் பேசினார்கள் என்கிற மாதிரி பார்த்தார். விழுப்புரம் பாத்திரக்கடையில் நான் முன்பே நின்றிருக்கிறேன். தினமும் பஸ்ஸில் நசுங்கிப் போய், நாள் முழுக்கக் குக்கர் மூடியைத் திறந்து மூடி, திரும்ப நசுங்கி வர வேண்டும். மறுபடி அங்கே போக எனக்குத் துளியும் இஷ்டமில்லை. அது தெரிந்தேதான் சொன்னார்: "பொங்கலுக்குள்ள லாரி போகலைன்னா பாயைச் சுருட்டிடு சுமதி. அந்த எடத்துல பேட்டரி ஜீப்பு நிக்கட்டும், நீ பாத்திரக்கடைக்கு வந்துடு."

உடைந்த பொம்மை

முகையூர்க்காரர் ஒருவர், தனியார் கம்பெனியில் மேனேஜர், மகன் பிறந்தநாளுக்கு லாரி வாங்கிப்போனார். மறுநாள் நான் ஷட்டரைத் தூக்கும்போதே பெட்டியோடு வாசலில் நிற்கிறார். உடைந்த பொம்மையை ஏமாற்றிக் கொடுத்துவிட்டோமாம். பெட்டி மேலே படத்தில் முழு லாரி இருக்கிறது, உள்ளே தூள் தூளாக இருக்கிறது என்று ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார்.

உட்கார வைத்து விளக்கினேன். ஸ்பேனரை எடுத்துக் காட்டினேன். பையன் இதைப் பிடித்துத் தானே மாட்டுவான், கழற்றுவான், அதுதான் விளையாட்டு என்றேன். அவர் முகம் இன்னும் கோணிக்கொண்டது. "காசும் குடுத்து என் புள்ளயே வேலையும் செய்யணுமா? அவன் என்னாத்துக்குங்க கஷ்டப்படணும், அதான் நான் சம்பாதிக்கிறேன் இல்ல?"

சந்தனம் வைத்த சக்கரம்

ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். லாரி வாங்கின ஆட்கள்தான். அப்பாவே உட்கார்ந்து மாட்டி, வீட்டு பைக்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, எல்லாம் முறையாக நடந்திருக்கிறது. விடிந்ததும் பையன் ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்தைக் கழற்றிவிட்டான். புத்திசாலிப் பையன் என்று நான் மனசுக்குள் மெச்சினேன். அந்த அம்மாவோ பேயடித்த மாதிரி நிற்கிறாள். எந்தக் காலத்திலும் கழலாத மாதிரி ஒட்டுகிற பசை வேண்டுமாம்.

பிளாஸ்டிக் சக்கரம் கழன்றால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். அவள் புருஷனைக் கண்ணால் காட்டினாள். அவர் பாவம், தினமும் பைபாஸில் பைக் ஓட்டி வேலைக்குப் போகிறவர். சேர்த்துப் பூஜை போட்ட வண்டிகளில் ஒன்றுக்குச் சக்கரம் கழன்றால் இன்னொன்றுக்கும் கழலும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பசை இல்லை என்றேன். அவளுக்கு என் மேல்தான் கோபம் வந்தது. "கழட்டறா மாதிரி வண்டி விக்கிறீங்களே, பூஜை போடறதுக்கு முன்னாடியே சொல்ல வேணாமா?"

இன்னும் கொஞ்சம் பெரியவனாகட்டும்

இது சின்ன விஷயம்தான், ஆனால் எனக்கு ஆறவே இல்லை. முன்பே லாரி வாங்கிப்போயிருந்த பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் வந்தார். மகனுக்கு லாரி எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். பெட்டி பிரிக்காமல், மேலே சுற்றிய பிளாஸ்டிக் கவர் கூடக் கிழியாமல், ஷோகேஸில் பத்திரமாக இருக்கிறது என்று போனில் போட்டோ காட்டினார். பையன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு எப்போது கொடுப்பீர்கள் என்றேன். "இன்னும் கொஞ்சம் பெரியவனாவட்டும்மா, இப்பத்தானே ரெண்டாவது படிக்கிறான்."

ஆக்டிவிட்டி

மார்கழியில் விழுப்புரத்துப் பிளே ஸ்கூல் ஒன்றில், பிள்ளைகள் தாங்களே செய்த வண்டி ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் கடையில் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட, பஸ்ஸிலும் காரிலும் அப்பாக்கள் வந்து இறங்கினார்கள். எனக்கு உயிர் வந்தது. சரக்கு பாதி குறைந்துவிட்டால் முதலாளி வாயை மூடலாமே. ஆனால் அந்தப் பாயில் நடந்த கூத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் கடையை விட்டு ஓடியிருப்பீர்கள். ஓர் என்ஜினியர் அப்பா, மகளை முழங்காலால் ஓரம் தள்ளிவிட்டு, தானே சம்மணம் போட்டு உட்கார்ந்து மாட்டுகிறார். அந்தப் பெண் கை நீட்டினால் தட்டிவிடுகிறார். அவள் சும்மா ஸ்க்ரூவை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாங்குகிற ஆளாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

பிற்பாடு அந்த ஸ்கூல் மிஸ் பரிசுப் பொருள் வாங்க வந்தார். எல்லா வண்டியும் கம்பெனியில் செய்தது மாதிரி நேர்த்தியாக இருந்ததாம், பெயிண்ட் கூட அடித்திருந்தார்களாம். பெருமை தாங்கவில்லை அவருக்கு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, வருத்தமாகச் சொன்னார்: "ஒரு பையன் மட்டும் கோணல்மாணலா அவனே பண்ணிக்கினு வந்துட்டான். அவங்க வீட்டுல புள்ளைய யாரும் கவனிக்கிறதில்ல போல."

போகி அன்று

அத்தனைக்கும் பிறகு பெட்டிகள் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டன. போகி அன்று காலை விழுப்புரத்திலிருந்து வேனில் பேட்டரி ஜீப் வந்து இறங்கிவிட்டது. முதலாளியும் கூடவே வந்து கல்லாவில் உட்கார்ந்துகொண்டார். பாயைச் சுருட்டப் போனால், அதில் ஒரு பெண் குழந்தை உட்கார்ந்திருக்கிறாள். பெருமுக்கல்லிலிருந்து அப்பா அம்மாவோடு பைக்கில் வந்தவள். லாரியைத் தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்தாள். சக்கரமெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, அப்படியில்ல" என்று ஸ்பேனரைப் பிடுங்கினார். அவள் திருப்பிப் பிடுங்கினாள். அவர் மறுபடி கை வைத்தார். அவள் அழவில்லை, கத்தவில்லை. தலையைக் கூட நிமிர்த்தாமல், "நீ வெளிய போயி வண்டியில உக்காந்துக்கினு இருப்பா, நான் முடிச்சிட்டுக் கூப்புடறேன்" என்றாள். அவர் பெண்டாட்டியைப் பார்த்தார். அந்த அம்மா, "போங்களேன், அதான் சொல்றா இல்ல" என்றாள். மனுஷர் போய் பைக்கில் உட்கார்ந்தார்.

பிள்ளையும் கையை விட்டது, புருஷனும் வெளியே போனான். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு விடுதலை எப்போது கிடைத்ததோ தெரியாது, நிதானமாகக் கடையைச் சுற்ற ஆரம்பித்தாள். லஞ்ச் பேக், தண்ணி பாட்டில், பலூன், தங்கச்சி பிள்ளைக்குக் கிச்சன் செட் என்று கூடை நிறைந்தது. கடைசியில் என் காதருகே வந்து, "லாரியும் ஒண்ணு போட்டுடுங்கக்கா, இவரு கண்ணுல படாம அடியில வைங்க" என்றாள். இதற்குள் குழந்தை லாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தள்ளினாள். சக்கரம் கீழே வந்து, லாரி ஜம்மென்று ஓடியது. நான் பூரித்துப் போய் முதலாளியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் லாரியையும் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. அவர் கண் அந்தக் கூடை மேலேயே இருந்தது. "ஜீப்பை வேன்லயே ஏத்திடச் சொல்லு. பாய் இருக்கட்டும், நீயும் இங்கயே இரு. வாசல்ல ஒரு பெஞ்சு போட்டு அப்பங்காரனுங்கள அதுல உக்கார வையி, உள்ள வுடாத."

இப்போது லாரி பரவாயில்லாமல் போகிறது, பெஞ்சில் இருப்பவர்கள்தான் கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு, ஸ்பேனரை எப்படிப் பிடிப்பது என்று வெளியிலிருந்தே கை காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.