மூன்றாவது மைக்

எங்கள் சபை நீலசந்திராவில் ஒரு டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடியில் கூடுகிறது. பிரசங்கம் அரை மணி நேரம்தான். பாட்டும் துதியுமான ஆராதனை ஒன்றேகால் மணி நேரம். பாட்டு சரியில்லையென்றால் ஜனம் அடுத்த வாரம் வேறு சபைக்குப் போய்விடும். வார நாட்களில் பொம்மசந்திராவில் எலெக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் எனக்கு, ஞாயிறுதோறும் கடைசி வரிசைக்குப் பின்னால் சவுண்ட் போர்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

அந்த போர்டில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் அந்த ஒரு மைக் மட்டும் என் ஹெட்போனில் கேட்கும். சபைக்கு எல்லாக் குரலும் கலந்து இனிமையாகப் போகும். யார் என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். பாட்டை நடத்துகிறவர் வாராவாரம் மூன்றாவது பாட்டில்தான் அழுவார். கண்ணீர் நிஜமா என்று எட்டிப் பார்த்திருக்கிறேன். யாராவது கையை உயர்த்தினால், புது வாட்சைக் காட்டவா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். என் புத்தி அப்படி.

மேடையில் மூன்றாவது மைக் என் மனைவியுடையது. ஒரு ஞாயிறு அந்தப் பட்டனை அழுத்தினேன். மற்றவர்களின் பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. பக்கத்தில் வெறும் மூச்சு. கேபிளில் ஏதோ கோளாறு என்று நினைத்து மாற்றினேன். அடுத்த வாரமும் மூச்சுதான். நிமிர்ந்து பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு வாயை அழகாக அசைக்கிறாள். சத்தம் மட்டும் இல்லை.

அதன் பிறகு சும்மா இருப்பேனா? அவள் பைபிளில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் நாடா பக்கம் மாறுகிறதா என்று திறந்து பார்த்தேன். சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தேன். விசுவாசத்தை விட்டுவிட்டாளா? விட்டுவிட்டு, மேடைக்காகவும் மரியாதைக்காகவும் நிற்கிறாளா? கேட்கப் பயமாக இருந்தது. அவள் விசுவாசமும் போய்விட்டால் எங்கள் வீட்டில் மிஞ்சுவது என் சந்தேகம் மட்டும்தான்.

ஐந்தாவது வாரம், சபையிலிருந்து வந்ததும் கேட்டேவிட்டேன். "மேடையில நின்னு யாரை ஏமாத்துற? ஒரு வார்த்தை பாடல நீ."

சேலையை மடித்துக்கொண்டிருந்தவள் பதறவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா," என்றாள்.

"ஏன் பாடல?"

"என் தம்பி ஐ.சி.யூ.ல கிடந்தப்ப, விசுவாசத்துல 'சுகமாயிட்டான்'னு சொல்லி சபையே கை தட்டிப் பாடிச்சே. எல்லாரையும் விட நான்தான் சத்தமா பாடினேன். மூணாம் நாள் அடக்கம் பண்ணிட்டு வந்தோம். அதுக்கப்புறம் வாயத் தொறந்தா காத்துதான் வருது."

"அப்ப மேடையை விட்டு இறங்கிட வேண்டியதுதானே?"

"இறங்கினா, எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு வீட்டுக்கு ஜெபம் பண்ண வந்துடுவாங்க. எனக்கு ஆண்டவர் மேல கோபம்ங்க. ஆனா விட்டுட்டுப் போகவும் முடியல. அங்க நின்னா மத்தவங்க பாடறதாவது என் மேல படுது."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவள் சேலையை பீரோவில் வைத்துவிட்டுத் திரும்பினாள். "சமைக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது எப்பவும் பாடிட்டேதான இருப்பேன்? அதை நிறுத்தி ஆறு மாசம் ஆகுது. அது உங்களுக்குக் கேக்கலியே. இங்க மைக் இல்லைல்ல?"

நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். அவள் எந்த நாளில் நிறுத்தினாள் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.