துவக்கட்டோ?

துப்பாக்கிக் கடையில் அந்தத் துவக்கை என் கையில் தந்தவுடன் நான் அதைப் பின்பக்கம் முன்பக்கமாகப் பிடித்தேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அன்று கூட வந்த கூட்டாளி இந்தக் கதையை லண்டனில் ஸ்ட்ரெதமிலிருந்து பிளேஸ்டோ வரைக்கும் ஏற்கெனவே பரப்பிவிட்டான். இனி நான் மறைத்து என்ன பயன்?

பிடித்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. கடைக்காரப் பெண்மணியைப் பார்த்து, "இதிலே விசையைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள்" என்று குறை வேறு சொன்னேன். நான் கடைகளின் பிரிட்ஜ் திருத்துகிறவன். ஒரு ஆணி பிழையாக இறங்கியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கொரு எண்ணம். அந்த அம்மா பேத்தி வயதுக் குழந்தையிடம் பேசுவதுபோல, "அது மற்றப் பக்கம், லவ்" என்று சொல்லி, வெற்றுத் துவக்கை என் கையிலேயே மெல்லத் திருப்பி வைத்தார். அதுவரை குழல் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். அது சாதாரணத் துவக்கு இல்லை. 'புல்பப்' என்று பெயர். புல் என்றால் காளை, பப் என்றால் நாய்க்குட்டி. மாட்டுக்கும் நாய்க்கும் நடுவில் பிறந்த பிராணி எப்படி இருக்கும்? குண்டு போடும் மகசீன் விசைக்கு முன்னால் இருப்பதுதானே உலக வழக்கம். இதில் விசைக்குப் பின்னால், சுடுகிறவனின் கன்னத்துக்குக் கீழே இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் நிற்க வேண்டிய கேற்றைக் கழற்றிப் பின்வளவில் பூட்டியது மாதிரி. அதனால் மொத்த நீளம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதிலும் இது கார்பைன் என்கிற குட்டை வகை. காற்றுத் துவக்குத்தான், ஈயச் சிறுகுண்டைக் காற்று தள்ளும், கடதாசியில் ஓட்டை விழும், அவ்வளவுதான். இந்த அளவு வலுவுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டாம். வயது வந்தவனாக இருந்து, கடைக்கு நேரே போனால் போதும். புத்தியும் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னை வாசலிலேயே மறித்திருப்பார்கள்.

எனக்கு எதற்கு இது? தோள்தான் காரணம். சுவிஸிலிருந்து வந்து மிச்சத்தில் குடியேறிய நாளிலிருந்து (மீந்துபோன மிச்சமில்லை, ட்ராம் ஓடுகிற ஊர்) கடைக்குக் கடை பிரிட்ஜ் தூக்கி இடது தோள் இறுகிப்போய்விட்டது. ஞாயிறு மாதா கோயில் பூசை முடிய நானும் கூட்டாளியும் குரொய்டனுக்கு அப்பாலிருக்கும் ஒரு சுடும் கிளப்புக்குப் போவோம். நான் அங்கே போவதற்கு வீரம் காரணமில்லை. சுடுகிற இடத்தில் போனை நிறுத்திவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐஸ்கிரீம் உருகுகிறது, பால் திரைகிறது, ஓடி வாங்கோ அண்ணை என்று ஒருவரும் கூப்பிட ஏலாத நேரம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ஆனால் கிளப்பின் துவக்குகள் எல்லாம் நீட்டு. பாரம் முழுவதும் முன்னுக்கு, என் இடது கையில். சில மாதங்களாக நாலு குண்டுக்கு மேல் தாங்கவில்லை. புல்பப்பில் பாரம் பின்னுக்கு, வலது தோளோடு அணைந்து நிற்கிறது. இதை வாங்காவிட்டால் கிளப்பை விட வேண்டியதுதான். மறுபடி ஞாயிற்றுக்கிழமையிலும் ஐஸ்கிரீம்.

வாங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். வீட்டில் மனைவி இருக்கிறாள்.

துப்பாக்கியை நாங்கள் துவக்கு என்போம். தொடங்கு என்பதற்கும் அதே துவக்குத்தான். பாட்டைத் துவக்கு, காரைத் துவக்கு, கதையைத் துவக்கு. இதில் எல்லாம் அவளுக்கு ஒரு தடையும் இல்லை. சுடுகிற துவக்கு என்ற சொல்லை மட்டும் அவள் வாயால் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். கிளப்புக்குப் போவதைக்கூட "உங்கடை காத்து விளையாட்டு" என்றுதான் சொல்லுவாள். அவள் சின்னப் பிள்ளையாக யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் ஒருநாள், குசினி வாசலில் ஒருவன் துவக்கோடு வந்து நின்று தண்ணீர் கேட்டிருக்கிறான். செம்பை வாங்குவதற்காகத் துவக்கைச் சுவரில் சாத்தினான். குடித்தான், செம்பைத் திருப்பிக் கொடுத்தான், போய்விட்டான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அது சுவரில் முட்டிய சத்தம் இன்னும் தன் காதில் இருக்கிறது என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறாள். கிளப்பில் நான் சேர்ந்தபோது ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தாள். "அங்கை எதையும் சுடுங்கோ. வீட்டை வரேக்கை கையை வீசிக்கொண்டு வாங்கோ."

ஆகவே கடைக்குப் போக முன்பே, படத்தில் புல்பப்பின் குட்டை உருவத்தைப் பார்த்ததும் என் குறுக்குப் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்து எங்கள் அறை அலுமாரியை அளந்தேன். அவளுடைய சீலைப் பெட்டிக்குப் பின்னால், குறுக்காக வைத்தால், கச்சிதமாக அடங்கும்.

"மச்சான், இது துவக்கோ, ட்ரில் மெஷினோ?" என்றான் கூட்டாளி, கடையில் அதைப் பார்த்தவுடன். "அலுமாரி என்னத்துக்கு? உன்ரை வேலை வானுக்குள்ளை மற்றச் சாமானோடை போடு. அவ கேட்டால் ஓட்டை போடுற மெஷின் எண்டு சொல்லு."

"அது பொய்யுமில்லைத்தான்."

"பிறகென்ன? எடு."

சரியாகத் திருப்பிப் பிடித்த துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்தேன். இடது கை நோகவில்லை. எனக்கு அழுகை வரப் பார்த்தது. அந்தப் பலவீனமான நேரத்தில்தான் நேர்மை என்கிற வியாதியும் பிடித்தது. ஒளிக்கக் கூடாது, கேட்டுவிட்டே வாங்குவோம் என்று போனை எடுத்தேன்.

மனைவியின் பெயருக்குக் கீழே குரல் செய்தி ஒன்று வந்து கிடந்தது. அவளுக்கு ஒரு பழக்கம்: சொல்ல நிறைய இருந்தால் குரலில் அனுப்புவாள், எழுதினால் ஒரு வரிதான். எனக்கும் ஒரு பழக்கம்: குரலில் வருவதைக் கேட்பதில்லை. 'துவக்கு ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன், கோவிக்காதை, வாங்கட்டோ' என்று எழுதத் தொடங்கினேன். முதல் சொல்லை எழுதியதுமே என் தடித்த விரல் பட்டு அது போய்விட்டது. 'துவக்கு' என்ற அந்த ஒரு சொல் மட்டும்.

ஐயையோ என்று அடுத்ததை எழுத முன்பே பதில் வந்துவிட்டது.

"சரி. மறக்காமல் எடுத்துக்கொண்டு வாங்கோ."

நான் கூட்டாளியிடம் போனைக் காட்டினேன். அவன் கண்ணாடியைப் போட்டுப் படித்தான். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தான்.

"மச்சான், உன்ரை மனிசிக்குக் காய்ச்சலோ?"

"அவ மாறிட்டா. காலம் ஆரையும் மாத்தும்" என்றேன், பெரிய ஞானிபோல. கடைக்கார அம்மா பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"அதென்ன வொயிஸ் ஒண்டு கிடக்கு? அதையும் போட்டுப் பார்" என்றான் அவன்.

போட்டேன். கடை முழுக்க என் மனைவியின் குரல். பின்னால் பத்துப் பேர் கதைக்கும் இரைச்சல். "இஞ்சேருங்கோ, எங்கை நிக்கிறியள்? செபமாலைக்கு எல்லாரும் வந்திட்டினம். உங்களைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது, நாங்கள் துவக்கட்டோ? வரேக்கை கடையிலை சொல்லி வைச்ச றோல்ஸை எடுத்துக்கொண்டு வாங்கோ. போன முறை மாதிரி வெறுங்கையோடை வந்து நிக்காதேங்கோ."

அப்போதுதான் நினைவு வந்தது. அது செபமாலை மாதம். எங்கள் கோயில் பங்கில் அந்த மாதம் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் செபமாலை சொல்லுவோம். அன்று எங்கள் வீட்டு முறை. அவள் "துவக்கட்டோ?" என்று கேட்டிருக்கிறாள், நான் "துவக்கு" என்று அனுமதி கொடுத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு வரச் சொன்னது மீன் றோல்ஸை.

கூட்டாளி சிரித்துச் சிரித்து ஒரு கதிரையில் இருந்துவிட்டான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் மச்சான், எழுத்திலை இருக்கு. நீ துவக்கு எண்டனீ, அவ சரி எண்டிட்டா. எந்தக் கோர்ட்டிலையும் நிக்கும். வாங்கு" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அதற்குள் எனக்கு அந்தச் செம்பு நினைவு வந்துவிட்டது. அடுத்த கிழமை வருகிறேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன். றோல்ஸ் கடையில் எங்களுக்கு எடுத்து வைத்ததை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். கிடைத்தது மரக்கறி றோல்ஸ்தான்.

செபமாலை முடிந்து எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகு, குசினியில் அவள் கோப்பை கழுவ நான் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"றோல்ஸ் வாங்க இவ்வளவு நேரமோ?"

"துவக்குக் கடைக்குப் போனனான்."

கோப்பை தண்ணீருக்குள் நின்றுவிட்டது. நான் அள்ளிக் கொட்டினேன்: பின்பக்கம் முன்பக்கமாகப் பிடித்தது, விரல் பட்டது, அவள் சரி என்றது எல்லாவற்றையும். பாதியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நீங்கள் என்னைத் துவக்கச் சொல்லேல்லையே? மாதாவே! 'அவர் துவக்கட்டாம்' எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டெல்லோ துவக்கினனான்!"

நானும் சிரித்தேன். முதலில் சிரிப்பு நின்றது அவளுக்குத்தான்.

"அது இஞ்சை வரக்கூடாது."

"தோளப்பா..."

"தோளுக்கு எண்ணெய் போடுறது ஆர்? எனக்குத் தெரியாதே?" கோப்பையை மறுபடி தேய்த்தாள். "எங்கை வைக்க நினைச்சனீங்கள்? சுவரிலை சாத்தியோ?"

"சீச்சீ. உன்ரை சீலைப் பெட்டிக்குப் பின்னாலை. அளந்து பாத்தனான், வடிவா அடங்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது.

"ஏன், கிளப்பிலை வைக்கேலாதோ?"

"அங்கை இருக்கிற பூட்டுப் பெட்டியள் அரை உயரம். துவக்கு அடங்காது. எல்லாரும் வீட்டைதான் கொண்டு..." என்று சொல்லி வந்தவன் நிறுத்தினேன்.

"உது எவ்வளவு நீளம்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். துவாய் தோளில் தொங்க, பிடித்த மீனைக் காட்டுகிறவன் மாதிரி நின்றேன். அவள் ஒரு கையைப் பார்த்தாள், மற்றக் கையைப் பார்த்தாள்.

"என்ரை அலுமாரியை அளந்த மனிசன் அந்தப் பெட்டியை அளக்கேல்லை" என்றாள்.

"அப்ப வாங்கட்டோ?"

"பாப்பம்."

எங்கள் வீட்டில் 'பாப்பம்' என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. பாத்ரூமுக்குப் புது ஓடு பதிப்பதைப் பற்றி நாங்கள் பல வருடங்களாகப் பாப்பம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு கிளப்புக்கு அளவுநாடாவோடு போனேன். பெட்டியில் துவக்கு அடங்கும். மேலே தேத்தண்ணிப் போத்தலுக்கும் இடமிருக்கிறது. பெட்டியைப் பூட்டிப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. கிழமை முழுக்க அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைக்கும்போது மட்டும், "உது நல்ல பூட்டோ?" என்று கேட்டாள். நல்ல பூட்டு என்றேன். "ம்" என்றாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் எனக்குச் சொன்னதிலும் எழுதியதிலும் ஒரு 'ங்கோ' குறைந்தது கிடையாது. வாங்கோ, போங்கோ, காரைத் துவக்குங்கோ. கடுங்கோபம் வந்தாலும் "துலைஞ்சு போங்கோ" என்று மரியாதையாகத்தான் துரத்துவாள். அவளுடைய தாயும் அப்படித்தான். நான்தான் வா, போ என்று கதைக்கிறவன்.

சனிக்கிழமை மறுபடி கடை. அந்த அம்மா துவக்கைத் தந்தார். நான் இந்தமுறை சரியான பக்கத்தைப் பிடித்தேன். அவர் சத்தமில்லாமல் கை தட்டினார். கூட்டாளி, "முன்னேற்றம்" என்றான்.

தோளில் வைத்துப் பார்த்தேன். போன கிழமையைப் போலவே இலேசாக இருந்தது. அதைக் கண்ணாடிப் பெட்டிமேல் கிடத்திவிட்டுப் போனை எடுத்தேன். பெரிய கடிதமே எழுதினேன், அழித்தேன். பகிடியாக ஒன்று எழுதினேன், அதையும் அழித்தேன். கடைசியில் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து இப்படி எழுதி அனுப்பினேன்: "கடையிலை நிக்கிறன். கிளப்பிலேயே பூட்டி வைப்பன். வீட்டை வராது. நீ வேண்டாமெண்டால் வேண்டாம். துவக்கட்டோ?"

நீலக் கோடு விழுந்தது. எழுதுகிறாள் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. கடைக்கார அம்மா பெட்டியோடு நின்றார். கூட்டாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான், நோகிற தோளில் நாடியை ஊன்றிக்கொண்டு.

பதில் வந்தது.

"துவக்கு."