வென்டெலின் துப்பாக்கியில் சிலந்தி

வென்டெல் ஹாகனின் கைத்துப்பாக்கிக்குள் சிலந்தி குடியிருக்கிறது என்று ஊரில் பேச்சு. தீவனக் கடையில் நான் கேட்டபோது ஒரு சிலந்தி. காபிக் கடைக்கு வருவதற்குள் அது குட்டி போட்டுவிட்டது. மினசோட்டாவில் பிப்ரவரி மாதம் இதைவிடப் பெரிய செய்தி கிடைக்காது. நேரில் பார்த்துவிட்டே ஊர்ப் பத்திரிகையில் எழுதலாம் என்று செவ்வாய்க்கிழமை துப்பாக்கிக் கிளப்புக்குக் கிளம்பினேன்.

வென்டெலுக்கு அறுபத்து நான்கு வயது. வீடு வீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறார். கிளப்பின் நால்வர் அணியில் இருபத்திரண்டு வருடமாக நாலாவது ஆள். போன வருடம் துப்பாக்கி நுனியில் இருக்கும் குறிமுள் அவருக்கு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. இலக்குகளும் அதைப் புரிந்துகொண்டு நிம்மதியாக நின்றன. அணித் தலைவி ட்ரூடி, பல் டாக்டரிடம் வேலை பார்த்து ஊருக்கே பல் சுத்தம் செய்பவர், கெடு வைத்தார். ஆறு இரும்புத் தட்டுகளில் ஐந்தையாவது வீழ்த்தாவிட்டால் நாலாவது இடம் வேறு ஆளுக்கு. நான் போன செவ்வாய்தான் அந்தக் கெடு.

போகிற வழியில் துப்பாக்கிக் கடை கோர்டியைப் பார்த்தேன். வென்டெல் அவரிடம்தான் சிவப்புப் புள்ளி வாங்கியிருந்தார். துப்பாக்கி மேல் திருகிவைக்கும் சின்னக் கண்ணாடி அது. உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி மிதக்கும். புள்ளி இலக்கின் மேல் நின்றால் சுட வேண்டியதுதான்.

"பெரிய புள்ளியா எடுத்துக்கங்க, வயசானவங்களுக்கு அதான் சுலபம்னு சொன்னேன்" என்றார் கோர்டி.

"அதுக்கு?"

"யாரு வயசானவங்கன்னு கடை பூரா தேடிப் பாத்தாரு. அப்புறம் இருக்கறதுலயே பொடிப் புள்ளியா எடுத்துக்கிட்டு, அதோட வெளிச்சத்த உச்சத்துல வச்சுக்கிட்டுப் போனாரு."

நாலே நாளில் திரும்பி வந்தார். புள்ளி வட்டமாக இல்லை, வால் இருக்கிறது. கோர்டி வேறு கொடுத்தார். அதில் இரண்டு வால். மூன்றாவதில் எட்டுக் கால். வேறு ஊராக இருந்தால் கண் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவருடைய குறையை அவர் முகத்துக்கு நேரே சொல்வது, பனிப்புயலில் கதவைத் திறந்து போடுகிற மாதிரி. "அப்படியா, விசித்திரமா இருக்கே" என்று சொல்லிச் சொல்லியே கோர்டி இரண்டு முறை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

கிளப்பில் வென்டெல் மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்து, புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் சேரும்படி சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு குண்டு, ஒரு திருகல். இன்னொரு குண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு திருகல். காகிதத்தில் ஓட்டைகள் தட்டாமாலை சுற்றின.

"யோவ், ஒவ்வொரு குண்டுக்கும் திருகாத" என்றார் ட்ரூடி. "அஞ்சு சுடு. அஞ்சும் எங்க கூடுதுன்னு பாத்துட்டுத் திருகு."

"எந்தக் கால வச்சுக் குறி பாக்கறது? எட்டு இருக்கு."

ட்ரூடி குண்டுகளை எடுத்துவிட்டுத் தானே பார்த்தார். "வட்டமாத்தான் இருக்கு."

"உன்னக் கண்டா பயம் போல."

"சரி, நீ பாரு. தலைய மட்டும் சாய். சிலந்தியும் சாயுதா?"

"கொஞ்சம்."

"இப்ப தலை நேரா இருக்கட்டும். துப்பாக்கியச் சாய்."

"சாயல."

"அப்ப சிலந்தி எங்கய்யா இருக்கு?"

சுற்றி நின்ற நான்கு பேரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தோம்.

வெளிச்சத்தைக் குறைத்ததும் நாலு கால் போயிற்று. மீதி நாலுக்கு ட்ரூடி தன் பையிலிருந்து உபரி மூக்குக் கண்ணாடியை எடுத்தார். ஊதாச் சட்டம், ஓரமெல்லாம் மினுக்குக் கல்.

"போட்டுப் பாரு."

"நான் லாரி ஓட்டறவன், ட்ரூடி."

"லாரி வெளிய நிக்குது. அதுக்குத் தெரியாது."

போட்டார். பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "வட்டம்" என்றார் கடைசியில், பேத்தி பிறந்த சேதி சொல்வதுபோல. ட்ரூடியின் பவர் அவர் கண்ணுக்குப் பொருந்தியது வெறும் குருட்டு அதிர்ஷ்டம். ஐந்து குண்டும் ஒரு பிஸ்கட் அகலத்துக்குள் கூடின. கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருந்ததற்கு நாலு சொடுக்குத் திருகினார், அவ்வளவுதான்.

ஊதாக் கண்ணாடிக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டுகளுக்கு முன்னால் நின்றார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து விழுந்தன. ஆறாவதுக்குள் கண்ணாடி மூக்கில் வழுக்கிவிட்டது. பரவாயில்லை, ஐந்து போதும்.

"மோசமில்ல" என்றார் ட்ரூடி. எங்கள் ஊரில் இதற்கு மேல் பாராட்டு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

மாவட்டப் போட்டி ஏப்ரலில். அணியில் வென்டெல் இருக்கிறார். ட்ரூடி செவ்வாய்தோறும் கண்ணாடியைக் கேட்கிறார். கண் டாக்டரிடம் நாள் கேட்டிருப்பதாக இவரும் செவ்வாய்தோறும் சொல்கிறார். நேற்று என் வீட்டுக்கு எரிவாயு நிரப்ப வந்தார்.

"ட்ரூடி கண்ணாடிய எப்ப குடுக்கப் போறீங்க?"

"அது பத்திரமா இருக்கு" என்றார், ஊதாச் சட்டத்தை மூக்கில் ஏற்றிவிட்டபடி.