கழுவிக் கொடுத்த கடைசி வேளை

கேரளம் என்று தனி ராஜ்யம் ஆவதற்கு ஓரிரு வருஷம் முந்தி நடந்தது இது. மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். சொந்த ஊர் பாலக்காட்டை அடுத்த சித்தூர் பக்கம். மதராஸில் பரீட்சை எழுதிப் பாஸாகி மலையேறியபோது எனக்கு இருபத்தாறு வயது. வாயைத் திறந்தால் "ஏனுங்க, என்னங்க"தான் வரும். தோட்டத்து ஜனங்களோ திருநெல்வேலி, மதுரைப் பக்கத்தவர்கள். எனக்கு 'ங்க கம்பவுண்டர்' என்று பேரே வைத்துவிட்டார்கள். கோபக்காரன் என்று இன்னொரு பேரும் உண்டு. அது நானே சம்பாதித்தது.

டாக்டர் சீட்டில் எழுதுவார். நான் உள்ளறையில் மருந்தைக் கலந்து குப்பியில் ஊற்றுவேன். காகிதத்தைப் பல்லுப் பல்லாக வெட்டிக் குப்பியின் பக்கத்தில் ஒட்டுவேன். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. பிறகு சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக வெளியே நீட்டுவேன். என் உத்தியோகம் அவ்வளவுதான். நோயாளிகளிடம் மருந்தைப் பற்றி அதிகம் பேசக் கூடாது என்று நான் வந்த முதல் நாளே டாக்டர் சொல்லிவிட்டார். கம்பவுண்டரைப் பேசவிட்டால் நாளைக்கு ஜனங்கள் அவனையே டாக்டர் என்பார்கள் என்பது அவர் கட்சி. நான் கேட்பேனா? ஜன்னல் வழியாகக் குனிந்து, குலுக்கிக் குடியுங்க, சாப்பிட்டுவிட்டுக் குடியுங்க என்று இரண்டு வார்த்தை மெதுவாகச் சொல்லித்தான் அனுப்புவேன். அந்த ஒரு நாளைத் தவிர.

ஆடி மாச மழை. மலைக்காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒரு பெண் வந்திருந்தாள். கொழுந்து பறிக்கிறவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். காய்ச்சல் விட்டும் உடம்பில் தெம்பில்லை, தூக்கமும் இல்லை என்றாள். கூட அவள் புருஷன். டாக்டர் தெம்புக்கு எட்டிக்கொட்டையிலிருந்து எடுக்கிற சத்தையும் தூக்கத்துக்குப் புரோமைடையும் சேர்த்து, நாலு நாளைக்குப் பன்னிரண்டு வேளை என்று ஒரே குப்பிக்கு எழுதியிருந்தார். எட்டிச்சத்து சில துளி போனால் மருந்து, கூடினால் விஷம். அது ஊருக்கே தெரியும். ஆனால் அதையும் புரோமைடையும் ஒரே குப்பியில் வைத்தால், நாளாக நாளாக எட்டிச்சத்து வெள்ளை மணியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும் என்பது மருந்து கலக்கப் படித்தவனுக்குத்தான் தெரியும். மேல் வேளைகளில் சத்து இருக்காது. கடைசி வேளையில் மொத்தமும் இருக்கும்.

சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். இதை இரண்டு குப்பியாகக் கொடுத்துவிடட்டுமாங்க, ஒன்றோடு ஒன்று சேராதுங்க என்றேன். எதிரே பெஞ்சு நிறைய ஜனம். அவர் தலையை நிமிர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ எந்த மெடிக்கல் காலேஜ்ல படிச்ச?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் புருஷனும் சிரித்தான். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது, நாலு பேர் சிரிக்கிறார்களே என்று சிரித்தான். இப்போது அது தெரிகிறது. அப்போது எனக்கு உச்சந்தலை பற்றி எரிந்தது.

உள்ளே வந்து, எழுதினபடியே கலந்தேன். உனக்கென்னடா வந்தது, எழுதினதைக் கலக்கு, கூலியை வாங்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குலுக்கிக் குடிக்கவும் என்று இங்கிலீஷில் அச்சடித்த சீட்டு இருந்தது, அதை ஒட்டினேன். கூலிக்காரர்கள் குடியிருந்த அந்த லயத்து வரிசையில் அதை வாசிக்க ஒரு ஆள் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குப்பியை ஜன்னலில் வைத்தேன். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எப்படிக் குடிக்க வேண்டும் என்று கேட்டான்.

"டாக்டரையே கேட்டுக்குங்க" என்று சொல்லி ஜன்னல் கதவைச் சாத்தினேன்.

அவன் டாக்டரைக் கேட்கவில்லை. டாக்டரிடம் இரண்டாம் தடவை போய் நிற்க அங்கே யாருக்குத் தைரியம் இருந்தது?

ஐந்தாம் நாள் மத்தியானம் அவளைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். உடம்பு வில்லாக வளைந்திருந்தது. தாடை இறுகிக் கிடந்தது. புத்தி மட்டும் தெளிவாக இருந்ததுதான் கொடுமை. யாராவது கை வைத்தால் போதும், மறுபடி உடம்பு விறைக்கும். தொடாதீங்க, தொடாதீங்க என்று பல்லிடுக்கில் கெஞ்சினாள். காலில் தேயிலைச் செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பட்ட காயம் ஒன்று இருந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு ரணஜன்னி, அதாவது டெட்டனஸ் என்றார். அப்படி நினைத்ததில் தப்பில்லை, பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

எனக்குக் குப்பி ஞாபகம் வந்தது. சொல், இப்போதாவது சொல் என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்ட மருந்தை எடுத்துக் கொடுத்தேன், வெந்நீர் வைத்தேன், வாயைத் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. விளக்கேற்றுவதற்குள் உயிர் போய்விட்டது. மறுநாள் மாதா கோயில் மணி அடித்து, தோட்டத்துக் கல்லறையில் மழையோடு மழையாக அடக்கம் செய்தார்கள்.

மூன்றாம் நாள் முடிந்து அவள் புருஷன் ஜன்னலுக்கு வந்தான். குப்பியை நன்றாகக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். பெண்டாட்டி செத்த வீட்டிலிருந்து அதை மறக்காமல் கொண்டு வந்திருந்தான். தான் ஒன்றிலும் குறை வைக்கவில்லை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் போல அவனுக்கு இருந்தது.

"அடியில வெள்ளையா நின்னுச்சுய்யா. மருந்தோட சத்து பூரா அங்கதான எறங்கிருக்கும்? அதான் சுடுதண்ணி ஊத்திக் கழுவி அதையும் அவளுக்குக் குடுத்துட்டேன். ஒரு சொட்டு வீணாக்கலய்யா."

கஞ்சிச் சட்டியையே கழுவிக் குடிக்கிற ஜனங்கள். மருந்துக் குப்பியை விடுவார்களா? அந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? வருஷக்கணக்காக அதே ஜன்னலில் நின்று பார்த்தவன்தானே நான்! அவன் சீக்கிரமே தூக்கி வந்திருக்கலாமோ, மழைக்குப் பயந்து அரை மணி நேரம் தாமதித்துவிட்டேனே என்று அழுதான். நான் குப்பியை வாங்கி அலமாரியில் வைத்தேன்.

அன்று டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இதை யாரிடமும் சொல்லாதே என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த இரண்டையும் சேர்த்து எழுதியதே இல்லை. சீட்டு எழுதும்போது என்னைக் கூப்பிட்டு, இது சரியா என்று கேட்கவும் ஆரம்பித்தார். எனக்கு மரியாதை கூடியது. ஒரு பெண்ணைப் புதைத்துக் கிடைத்த மரியாதை அது, நெஞ்சில் முள்ளாகத்தான் கிடந்தது.

தைக்குப் பிறகு அவன் மறுபடி வந்தான். சின்னப் பிள்ளைக்கு இருமல். குப்பியைக் கொடுத்து, நன்றாகக் குலுக்கச் சொன்னேன், வேளையைச் சொன்னேன், அவனைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். எல்லாம் கேட்டுக்கொண்டு, கடைசியில் இதையும் கழுவிக் கொடுக்கட்டுமா என்றான். வேண்டாங்க, இதில் அடியில் ஒன்றும் நிற்காது என்றேன்.

அவன் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்ப அதுல நின்னது என்னய்யா?"

பிள்ளை அவன் தோளில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தது.

"உப்புங்க" என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நம்பினானா என்று தெரியாது. அடுத்த மாசமே பிள்ளைகளோடு கணக்கை முடித்துக்கொண்டு மலை இறங்கிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டுப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை.

வருஷங்கள் ஓடின. கம்பவுண்டர் என்ற பேர் போய் பார்மசிஸ்ட் என்று வந்தது. பாலக்காட்டில் எங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். மருந்து கொடுப்பதோடு உங்கள் வேலை முடியவில்லை, நோயாளியிடம் பேசுங்கள், சந்தேகம் வந்தால் டாக்டரை விடாமல் கேளுங்கள், அது உங்கள் உரிமை என்று ஒரு சின்ன வயசுக்காரர் பாடம் நடத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லலாம் என்றார். என் கை பாதி உயர்ந்தது, இறக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆயிரம் பேருக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், எந்த மருந்தில் என்ன இருக்கிறது என்று நின்று விளக்கிச் சொல்லியிருக்கிறேன்; கேட்க உரிமை இருந்த அந்த ஒருவனுக்கு மட்டும் பொய் சொன்னேன், அதைத் திருத்திச் சொல்ல இனி அவன் இருக்கிற இடமும் தெரியாது, எனக்கும் நாள் இல்லை.