வேலை நாளில் நடக்கிறாள்

மன்னார்புரத்து டாக்டர் என்னை நடக்கச் சொன்னதும், பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு கைப்பட்டையை வாங்கி வந்து என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். வாட்ச் மாதிரிதான் இருக்கும். நாடித் துடிப்பையும் நடையையும் கவனித்துக்கொண்டே இருக்கும். அவள் கையிலும் அதே போல ஒன்று. "உங்களோடது என் போன்ல தெரியும், என்னோடது உங்க போன்ல தெரியும். ஏமாத்த முடியாது" என்று சிரித்தாள். மனைவி போன பிறகு என்னை அதட்ட ஆளில்லாமல் இருந்தது. இப்போது கையிலேயே ஒருத்தி உட்கார்ந்துகொண்டாள்.

காலையில் ஸ்ரீரங்கம் உத்திர வீதியைச் சுற்றி வருவேன். முன்பெல்லாம் கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று வடக்கு வாசல் காபிக் கடையில் போய் நின்றுவிடுவேன். நின்றால் அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று கடையைத் தாண்டி நடந்தேன். சர்க்கரை குறைந்தது. டாக்டர் பாராட்டினார். வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்ல ஒரு ஆளில்லை. அப்போதுதான் போனை எடுத்து அவளுடைய பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பார்த்துப் பார்த்து அவள் நாள் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. காலையில் பஸ்ஸுக்கு ஓடுவாள், துடிப்பு ஏறும். பிறகு ஆபீஸ் நாற்காலி, போனில் ஓடும் கோடு அசையாது. மதியம் சாப்பிட எழுந்தால் ஒரு சின்ன மேடு. அதைப் பார்த்த பிறகுதான் நானும் தட்டை எடுப்பேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிடுவது போல இருக்கும்.

ஆடி மாதத்தில் அந்தக் கோடு மாறியது. காலை ஓட்டம் நின்றுபோனது. வேலை நாளில், பட்டப்பகலில், நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். ஒரு நாள் அந்த நேரத்தில் கூப்பிட்டேன். "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்றாள். பின்னால் ஆட்டோ ஹாரன் அலறியது. வேலை போய்விட்டது என்று புரிந்துகொள்ள எனக்குப் பெரிய படிப்பு வேண்டியிருக்கவில்லை. ஏமாத்த முடியாது என்று அன்றைக்குச் சொன்னாளே தவிர, அப்பா இதையெல்லாம் எடுத்துப் பார்க்கமாட்டார் என்று அவளுக்கு நினைப்பு.

கேட்டுவிடலாம்தான். வாய் வரை வரும், விழுங்கிவிடுவேன். கேட்டால் வெட்கப்பட்டுக் கைப்பட்டையை அணைத்துவிடுவாள். அப்புறம் அவள் மதியம் சாப்பிட எழுந்தாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. தனியாக இருக்கிறவனுக்கு அது சின்ன இழப்பில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "இங்க வந்து ஒரு மாசம் இரும்மா. வீடு சும்மாதானே கிடக்கு" என்றேன்.

"லீவு கிடைக்காதுப்பா."

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. "சரிம்மா. வேலைதானே முக்கியம்" என்றேன்.

"அப்பா, என்னப்பா இது, உங்க துடிப்பு இவ்வளவு ஏறியிருக்கு? நடக்கறீங்களா?"

நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாம்மா. உத்திர வீதியில நடந்துக்கிட்டிருக்கேன்."

"மெதுவா நடங்கப்பா" என்றாள். அவள் குரலும் சரியில்லை. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.