முப்பத்து நான்கு டெசிபலில் ஒரு வீடு

ஊர் மாற்றல் உறுதியான நாளிலிருந்து ஆளாளுக்கு அவளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிற பொறுமை ஒருவருக்கும் இல்லை. புது ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த அன்றே எக்ஸ்ரே எடுப்பவர் வந்து, "கிழக்குப் பக்கம் மட்டும் வீடு பாத்துடாதீங்க மேடம், மனுஷன் இருப்பானா அங்க" என்றார். அவர் குடியிருப்பது மேற்கில். மருந்தகத்துப் பெண் கிழக்கில் குடியிருப்பவள். அவள் மேற்கைப் பற்றி அதே வார்த்தையை, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். வாசல் காவலாளிக்கு மழைத் தண்ணீர் தேங்காத இடம் முக்கியம். மயக்க மருந்து டாக்டருக்குப் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும். எல்லாருக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து வலிதான் மிச்சம்.

அவள் அங்கே காது சோதிக்கும் பிரிவுக்குப் பொறுப்பு. பதினோரு வருஷமாக இதே வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு ஒலியை அனுப்புவாள். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்க வேண்டும். 'காது மேடம்' என்பது நோயாளிகள் வைத்த பெயர். பழைய ஊரில் ஒட்டிக்கொண்டது, எப்படியோ இங்கேயும் அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. தறி ஓட்டியவர், பாறை உடைத்தவர், தகரம் அடித்தவர் என்று சத்தத்திலேயே காதைத் தொலைத்தவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, அவளுக்குச் சத்தம் என்றாலே ஆகாது. போதாக்குறைக்குப் பழைய வீட்டுக்கு எதிரே ஒரு பட்டறை. சின்னவன் பிறந்ததிலிருந்து ஒரு நாள்கூடப் பகலில் ஒழுங்காகத் தூங்கியதில்லை. இந்த ஊரிலாவது பிள்ளைகள் அமைதியான தெருவில் வளர வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். கோட்டையா கேட்டாள்?

வீடு கிடைக்கும்வரை கணவனுடைய அக்கா வீட்டில் ஒரே அறைக்குள் நாலு பேரும் அடைந்து கிடந்தார்கள். பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நாலு. நாத்தனார் நல்லவள்தான். வாய்தான் ஓயாது.

"என் தெருவுலயே ஒரு மாடி காலியா இருக்கு. பக்கத்துலயே நான் இருக்கேன். இதுக்கு மேல உனக்கு என்னதான் வேணும்?" என்று காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம்.

என்ன வேண்டும் என்று உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் அப்புறம் சோறு கிடைக்காது. "பாக்கலாம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கணவன் ஏசி மெக்கானிக். எந்த ஊரிலும் அவனுக்கு வேலை உண்டு, எந்த வீட்டிலும் தூக்கம் உண்டு. "நீ எதைச் சொன்னாலும் எனக்குச் சரி" என்பான். இதைவிட எரிச்சலூட்டுகிற பதிலை ஒரு கணவன் சொல்ல முடியுமா? நாளைக்கு ஏதாவது ஏறுக்குமாறாக ஆனால், "நீதானே பாத்தே" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம் அல்லவா.

ஆக, அவளும் புரோக்கரும்தான் அலைந்தார்கள். மற்றவர்கள் வீடு பார்த்தால் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். இவள் பையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியை எடுப்பாள். டிவி ரிமோட் அளவுதான் இருக்கும். கூடத்தின் நடுவில் நின்று, "அஞ்சு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்பாள். ஜன்னலைச் சாத்தி ஒரு அளவு, திறந்து ஒரு அளவு. நடுவில் புரோக்கர் தும்மினால் மறுபடி முதலிலிருந்து. அந்தப் புண்ணியவான் தன் தொழிலில் எத்தனையோ கிறுக்குகளைப் பார்த்திருப்பார். மூச்சைக்கூட அடக்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீடு அறுபத்திரண்டு டெசிபல். வேண்டாம். சந்தைக்குப் பின்னால் இருந்தது எழுபது. படியே ஏறவில்லை. பூங்காவை ஒட்டி ஒரு வீடு, நல்ல வெளிச்சம், இரண்டு படுக்கையறை. கருவியில் ஐம்பத்தெட்டு.

"அது பிள்ளைங்க விளையாடுற சத்தம் மேடம்" என்றார் புரோக்கர்.

"சத்தம்னா சத்தம்தான்."

ஒன்பதாவது வீட்டில் கருவி முப்பத்து நான்கில் நின்றது. அவள் நம்பாமல் தட்டிப் பார்த்தாள். முப்பத்து நான்கேதான். ஊசி விழுந்தால் கேட்கும். இரண்டு பக்கமும் மரம், ஒரு வண்டி இல்லை, ஒரு கடை இல்லை. கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும், மாடி வாடகைக்கு. வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். "இந்த அமைதிக்காகத்தான் சார் இங்க வரோம்" என்று அவரிடம் பல்லெல்லாம் தெரியச் சொன்னாள். அவருக்கும் பரம சந்தோஷம். பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

குடிவந்த மூன்றாம் நாள் மாடிக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அச்சடித்த மாதிரி கையெழுத்து. 'நேற்று மாலை 4.10 மணியளவில் மேல்தளத்தில் நாற்காலி இழுக்கப்பட்டது.' அவள் சிரித்துவிட்டாள். மறுநாள் இரண்டு வரி. 'காலை 6.50: ஓட்டம். மாலை 5.25: பந்து என ஐயுறப்படுகிறது.' அதற்கும் மறுநாள், 'காலை 7.05: குழந்தை சிரிப்பு, நீண்ட நேரம்.'

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

"என்ன சார் இது? சின்னப் பிள்ளைங்க சிரிக்கக்கூடாதா?"

அவர் கோபப்படவே இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. "அம்மா, நீங்கதானே கருவி வச்சு அளந்து பாத்து, இந்த அமைதிக்காகத்தான் வரோம்னு சொன்னீங்க. நாங்களும் அதுக்காகத்தாம்மா இருக்கோம்" என்றார்.

சீட்டைக் கசக்கிக்கொண்டு மேலே வந்தாள். அன்றைக்குத்தான் தெருவை ஒழுங்காகப் பார்த்தாள். முப்பது வீடு இருக்கும். எந்த வாசலிலும் ஒரு சின்னச் செருப்பு கிடையாது, ஒரு குட்டி சைக்கிள் கிடையாது. பிள்ளையே இல்லாத தெரு அமைதியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஒன்பது வீடு பார்த்தவளுக்குக் கருவியில் இருந்த கண் தெருவில் இல்லை. தலையில் அடித்துக்கொண்டாள்.

கணவனிடம் சொன்னாள். "நீதானே பாத்தே" என்றான். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கையிலிருந்த கரண்டி பறக்காமல் இருந்தது அவன் செய்த புண்ணியம்.

அப்புறம் அவள் செய்ததுதான் மன்னிக்க முடியாதது. வேறு யாராவது என்றால் வீட்டுக்காரரோடு சண்டை போட்டிருப்பார்கள், இல்லை பிள்ளைகளை நாலு அதட்டு அதட்டியிருப்பார்கள். இவள் தொழில் தெரிந்தவளாயிற்றே. நாற்காலிக் கால்களுக்குத் துணி கட்டினாள். பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளும் காலுறை. கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் அந்தக் கருவியை மாட்டினாள். "சாப்பிடுற நேரம் வரைக்கும் இந்த நம்பர் நாப்பத்தஞ்சுக்கு மேல போகலன்னா ஆளுக்கு ஒரு நட்சத்திரம்" என்றாள். தங்கக் கலரில் ஒட்டுகிற நட்சத்திரம்.

பெரியவள் இரண்டு நாளில் சலித்துப்போய், வேண்டிய மட்டும் பள்ளிக்கூடத்தில் கத்தித் தீர்த்துவிட்டு வந்தாள். சின்னவனுக்கு அந்த விளையாட்டு பிடித்துப்போனது. எண்ணைப் பார்த்துக்கொண்டே கிசுகிசுப்பான். பொம்மைக் காரைத் தரையில் ஓட்டாமல் மெத்தையில் ஓட்டுவான். சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வான். முதல் வாரத்திலேயே ஏழு நட்சத்திரம். அவள் அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வரிசையாக ஒட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். சீட்டு வருவது நின்றுவிட்டது. நாத்தனார் ஒருநாள் வந்து கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "இது வீடா, லைப்ரரியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டாள் இவள்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒருநாள் பதினொரு மணிக்கு, சின்னவனுடைய நர்சரியிலிருந்து போன்.

"பயப்படாதீங்க, இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று ஆரம்பித்தார் டீச்சர். இப்படி ஆரம்பித்தால் எந்தத் தாய்தான் பயப்படாமல் இருப்பாள்? "பாத்ரூம் கதவு இடுக்குல விரல் மாட்டிக்கிச்சு. நாங்க பாக்குறப்போ கண்ணுல தண்ணியா ஊத்துது, ஆனா சத்தமே இல்லாம நிக்கிறான். எவ்வளவு நேரமா நின்னான்னே தெரியல. அஞ்சு நிமிஷம் இருக்கும், பத்தும் இருக்கலாம். எலும்புக்கு ஒண்ணுமில்ல, வீங்கியிருக்கு."

"கத்தலையா?"

"அதைத்தான் சொல்ல வந்தேன். உங்க பையன் இங்க வாயத் திறந்தே பேசறதில்ல. என்ன வேணும்னாலும் கிட்ட வந்து காதுலதான் சொல்றான். மத்த பிள்ளைங்க இவன விளையாட்டுல சேத்துக்க மாட்டேங்குதுங்க. காது சரியா கேக்குதான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன். பெரிய ஆஸ்பத்திரியில காது மேடம்னு ஒருத்தங்க இருக்காங்களாம். சின்னப் பிள்ளைங்கள ரொம்ப நல்லா பாப்பாங்களாம்."

சேர்க்கும்போது படிவத்தில் 'ஆஸ்பத்திரி வேலை' என்று மட்டும் எழுதியவள் அவள்தான். நான்தான் அது என்று அவள் சொல்லவில்லை. "சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய், அவனைத் தூக்கிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கே வந்தாள்.

நாலு வயதுப் பிள்ளைகளிடம் பொத்தான் எடுபடாது. அதற்கு ஒரு பெட்டியும் கொஞ்சம் மரக்கட்டைகளும் உண்டு. ஒலி கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைப் பெட்டிக்குள் போட வேண்டும். பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். டொக் டொக்கென்று போடும், சிலது தூக்கி எறியும், கண்ணாடியில் பட்டு அவள் துள்ளியதும் உண்டு.

சின்னவனை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டினாள். முதல் ஒலியை அனுப்பினாள். உடனே ஒரு கட்டையை எடுத்தான். அடுத்ததும் கேட்டது. குறைத்தாள், கேட்டது. இன்னும் குறைத்தாள், பெரியவர்கள் பாதிப் பேர் கோட்டைவிடுகிற ஒலிக்கும் கை நீண்டது. காதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒரு கட்டையையும் அவன் போடவில்லை. கட்டுப் போட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையை முழங்கை வரைக்கும் பெட்டிக்குள் விட்டு, ஒவ்வொரு கட்டையையும் அடியில் மெள்ளப் படுக்கவைத்துவிட்டுக் கையை எடுத்தான். பதினெட்டுக் கட்டை, ஒரு சத்தம் இல்லை. எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டு, நட்சத்திரம் உண்டா என்று கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

அவள் உள்ளே போய் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணா, விரல் மாட்டினப்போ டீச்சரைக் கூப்பிடலையாடா?"

அவன் எழுந்து வந்து அவள் காதில் வாயை வைத்தான். "கூப்பிட்டேன்மா. மெதுவாத்தான் கூப்பிட்டேன்."

திட்டு விழாமல் இருக்கச் சொன்னான் பாவம், மெதுவாகத்தான் கூப்பிட்டேன் என்று. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் மேல் கோபம் வரவில்லை, கணவன் மேல்கூட வரவில்லை. தன் மேல்தான், அப்படியொரு ஆத்திரம் அவளுக்கு யார் மேலும் வந்ததில்லை. ஊரார் காதையெல்லாம் பார்த்துப் பார்த்து, பெற்ற பிள்ளையின் குரலை நட்சத்திரம் கொடுத்து வாங்கிக்கொண்டாளே.

அன்று மாலையே புரோக்கரைக் கூப்பிட்டாள். "ஒன்பது வீடு காட்டி, நீங்களே தேடிப் புடிச்சது மேடம் அது" என்று அலுத்துக்கொண்டார். "பிள்ளைங்க நிறைய இருக்குற இடமா பாருங்க, மத்தது எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். "பிள்ளைங்க நிறையவா மேடம்?" என்று அவர் இரண்டு தரம் கேட்டார்.

காலி செய்கிற அன்று வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு நல்ல குடும்பம் இனிமே எங்களுக்குக் கிடைக்காது" என்றார். அவளுக்கு வந்த எரிச்சலுக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம், அல்லது கடித்திருக்கலாம். இரண்டையும் செய்யாமல் வண்டியில் ஏறினாள்.

புது வீடு நாலு மாடிக் கட்டிடத்தில் மூன்றாவது மாடி. கீழே சைக்கிள் கடை. எதிர்வீட்டில் ஒரு தையல்காரம்மா; மிஷினும் ஓயாது, அந்த அம்மா குரலும் ஓயாது. படிக்கட்டில் எந்நேரமும் ஒரு பட்டாளம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அவளுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பெரியவள் முதல் நாளே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் சேரவில்லை. காலுறையோடுதான் நடந்தான். தண்ணீர் வேண்டுமென்றாலும் வந்து காதில்தான் சொன்னான். "சத்தமா சொல்லுடா கண்ணா, இங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றால் ஓடிப்போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி காதில் சொன்னான். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். போகப் போகச் சரியாகிவிடும் என்றான் கணவன். எப்போது என்று கேட்டால் தெரியாது. அவள் வீட்டில் வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து, அவன் மிரள்வதைப் பார்த்து அதையும் நிறுத்தினாள். இந்த முறை அவளிடம் ஒரு வித்தையும் இல்லை.

இரண்டாம் மாதம் ஒரு விடுமுறை நாள். சாயங்காலம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, கீழே சைக்கிள் கடையில் எதையோ சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் தையல்காரம்மா, கழுத்தில் அளவு நாடாவும் முகத்தில் கடுகடுப்புமாக.

"ஏம்மா, உங்க பையன் கீழ நின்னு எவ்வளவு நேரமா தொண்டை கிழியக் கத்திட்டு இருக்கான். உங்களுக்கு என்ன, காது கேக்காதா?"

அவள் ஓடிப்போய் மிக்ஸியை நிறுத்தினாள். கீழேயிருந்து வந்தது. "அம்மா... என் பந்தைத் தூக்கிப் போடு... அம்மா..."

பால்கனிக் கதவு வரைக்கும் போனவள், தலையை வெளியே காட்டாமல் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டாள்.

"அட, பதில் சொல்லுங்களேன், என் மண்டை வெடிக்குது" என்றாள் தையல்காரம்மா.

அவள் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று நின்றாள்.